மைல் குறையவில்லை, மணி குறைந்தது
லண்டன் – சிட்னி ஆகாய மார்க்கத்தின் கதை

லண்டன் மாநகருக்கும் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று பூமிசாஸ்திரம் பயிலும் மாணவன் ஒருவனை வினவினால், அவன் பூகோள உருண்டையில் நூல் பிடித்து அளந்து, ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர், மைற் கணக்கில் சுமார் 10,600 என்று விடை கூறுவான். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். ஆகவே உலகில் எந்த இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று 20,000 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருத்தல் இயலாது. அந்த உச்ச எல்லையின் ஆறில் ஐந்து பங்குக்கும் அதிகமான தூரத்தில் இவ்விரு நகரங்களும் அமைந்துள்ளன.

ஆனால், போய்ச் சேர எவ்வளவு காலம் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. 1787 மே மாதத்தில் இங்கிலாந்தின் போட்ஸ்மவுத் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்ட முதற் குடியேற்றக் கப்பற்கூட்டம் சிட்னியை அடைய எட்டு மாதங்களுக்கு மேலாயிற்று. சுயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்ட பின்னர், கொழும்பிலே தரித்துச் சென்ற நீராவிக் கப்பல்கள் ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தன. 1947 இல் ஆகாய விமானம் ஒன்று அதனை நான்கு நாட்களில் முடித்தது. 2019 இல் மற்றொரு விமானம் லண்டனிலிருந்து எங்கும் தரிக்காமலே பறந்து 19 மணித்தியாலம் 19 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது.

இவ்வளவு காலத்திலும் தூரம் ஓரங்குலமேனும் குறைந்ததில்லை. காலம் மாத்திரம் எவ்வாறு இங்ஙனம் சுருங்கிற்று? விமானத்தின் வேகம் கூடியதே காரணம் என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். அது பாதி உண்மையே. மற்றப் பாதி வேறோரிடத்தில் இருக்கின்றது. அதிலே நமது நாட்டின் தென்கரையிலுள்ள கொக்கல என்னும் சிற்றூருக்கும் ஒரு பங்கு உண்டு.

நேர் வழி எது?

முதலில் தூரத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளுதல் நன்று. சுவரிலே தொங்கும் உலகப் படத்தில் லண்டனையும் சிட்னியையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது மத்தியதரைக் கடலையும் அரேபியாவையும் கடந்து, இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்று அவுஸ்திரேலியாவை அடையும். அதுவே நேர் வழி என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் பூமி தட்டையன்று. உருண்டையின்மீது ஒரு நூலை இரு நகரங்களுக்குமிடையே இறுக்கிப் பிடித்தால், அந்நூல் முற்றிலும் வேறு வழியாகச் செல்வதைக் காணலாம். லண்டனிலிருந்து அது வடகிழக்காக ஏறி, வடகடலையும் போல்டிக் கடலையும் கடந்து, மொஸ்கோ நகருக்கும் வடக்கே சென்று, கசக்ஸ்தானையும் மேற்குச் சீனத்தையும் ஊடறுத்து, தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ் தீவுகள், கிழக்கு இந்தோனேசியா ஆகியவற்றின் மேலாக அவுஸ்திரேலியாவினுள் நுழையும். 17,000 கிலோமீற்றர் என்பது இந்த நூலின் நீளமே.

விமானங்கள் அந்த நூல்வழியே சென்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை. எண்ணெய் நிரப்பவும் இளைப்பாறவும் இடங்கள் வேண்டியிருந்தமையால், அவை தெற்கே வளைந்து, எகிப்து, ஈராக், இந்தியா, மலாயா முதலிய தேசங்களில் இறங்கி இறங்கியே சென்றன. அன்றியும், ஆகாயத்துக்கும் எல்லைகள் உண்டு. ஒரு நாட்டின் அனுமதியின்றி அதன் வான்வெளியிற் பறத்தல் ஆகாது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டபோது, ரஷ்யாவும் பிரித்தானியாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று தன் வான்வெளியை அடைத்துக்கொண்டமை நாம் அறிந்ததே. ஆகவே, உருண்டையில் அளந்த தூரம் வேறு. பிரயாணி கடக்கும் தூரம் வேறு.

இருபத்தெட்டு நாட்கள்

முதலாவது உலக மகாயுத்தம் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1919 இல், அவுஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸின் அரசாங்கம் ஒரு பரிசை அறிவித்தது. பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் அவுஸ்திரேலியருக்கு 10,000 பவுண் அளிக்கப்படும் என்பதே அது. பாதி வழியில் விமானத் தளம் என்ற பெயரே இல்லாத காலம். குதிரைப் பந்தயத் திடல்களும் வயல்வெளிகளுமே இறங்கும் இடங்கள்.

றொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், பெனற், ஷயர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவருமாக நால்வர், மேற்புறம் திறந்த விக்கர்ஸ் விமி விமானத்தில் 1919 நவம்பர் 12 ஆம் திகதி லண்டனையடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். கெய்ரோ, டமஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டில்லி, கல்கத்தா, இரங்கூன், பாங்கொக், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக இறங்கி அவர்கள் சென்றனர். யாவாத் தீவின் சுரபாயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றிலே புதைந்துவிட்டன. அவ்வூர் மக்கள் தத்தம் வீடுகளிலிருந்து மூங்கிற் பாய்களைக் கொணர்ந்து வரிசையாக விரித்தனர். அந்தப் பாய்களின்மீது உருண்டோடியே விமானம் மேலெழுந்தது. டிசெம்பர் 10 ஆம் திகதி அவர்கள் அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் இறங்கினர். பரிசும் கிட்டியது.

அதே போட்டியில் இறங்கிய வேறு நால்வர் உயிரிழந்தனர். இருவர் புறப்பட்ட சில நிமிடங்களிலே லண்டனுக்கு அண்மையில் வீழ்ந்து மாண்டனர். இருவர் கிரேக்க நாட்டின் கோர்பு தீவையடுத்த கடலில் வீழ்ந்து மாண்டனர். வெற்றி பெற்றவருள்ளும் றொஸ் ஸ்மித்தும் பெனற்றும் மூன்றாண்டுகளுக்குள், 1922 ஏப்ரில் மாதத்தில், புதிய விமானமொன்றைப் பரீட்சித்துப் பார்க்கையில் விபத்துக்குள்ளாகி இறந்தனர்.

இப்பிரயாணத்தில் மாணவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. பிரயாணம் 28 நாட்கள். ஆனால் விமானம் ஆகாயத்தில் இருந்ததோ ஏறத்தாழ 135 மணித்தியாலங்கள் மாத்திரமே. அதாவது நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் அளவே பறந்தார்கள். எஞ்சிய நேரம் எல்லாம் பூமியிலே கழிந்தது: எண்ணெய் ஊற்றவும், இயந்திரத்தைச் செப்பனிடவும், மழை ஓயக் காத்திருக்கவும், உறங்கவும். காலத்தை உண்டது தரிப்பே என்பதை இந்த முதற் பிரயாணமே காட்டிவிட்டது.

பின்னர் தனியாகப் பறந்தவர்களும் இதே வழியைப் பின்பற்றினர். ஹிங்கிளர் என்பார் 1928 பெப்ரவரியில் பதினைந்தரை நாட்களில் டார்வினை அடைந்தார். 1930 மே மாதத்தில் ஏமி ஜோன்சன் என்னும் ஆங்கிலப் பெண், தமது 26 ஆம் வயதில், சிறியதொரு விமானத்தில் தன்னந்தனியாகப் பறந்து பத்தொன்பதரை நாட்களில் அங்கே போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதற் பெண்மணி அவரே. அதற்குச் சில காலம் முன்னர்வரை அவர் லண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இறங்கி இறங்கிச் சென்ற காலம்

1935 ஏப்ரில் மாதத்தில் பொதுமக்கள் பணம் கொடுத்துச் செல்லக்கூடிய விமானப் போக்குவரத்து லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குமிடையே தொடங்கியது. பிரயாண காலம் பன்னிரண்டரை நாட்கள். விமானப் பிரயாணம் என்று பெயர் பெற்றிருந்தும், பாரிஸ் நகரிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகம்வரை பிரயாணிகள் புகையிரதத்திலேயே கொண்டு செல்லப்பட்டனர். இத்தாலிய அரசாங்கத்தின் வான்வெளி அனுமதி கிடைக்காமையே அதற்குக் காரணமாகும்.

1938 இல் கடல் விமானங்கள் வந்தன. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் இவை, இங்கிலாந்தின் சவுதம்டனிலிருந்து சிட்னியின் ரோஸ் குடாவரை ஒன்பதரை நாட்களளவிற் சென்றன. பகலிலே பறப்பதும், மாலையில் ஓர் ஆற்றிலோ குடாவிலோ இறங்கிப் பிரயாணிகளை விடுதியில் தங்கவைப்பதும், மறுநாட் காலை மீண்டும் எழுவதுமே வழக்கம். ஒரு விமானத்திற் சென்றோர் பதினைந்து பேரளவினரே.

இந்த மார்க்கம் மாலையிற் கோத்த மணிகள் போன்றது. ஒவ்வொரு தரிப்பிடமும் ஒரு மணி. ஒரு மணி அறுந்தாலும் மாலை சிதறும். இரண்டாவது உலக மகாயுத்தம் அதனையே செய்தது. 1940 யூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே மத்தியதரைக் கடல்வழி அடைபட்டது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. அத்துடன் லண்டனுக்கும் சிட்னிக்குமிடையே இருந்த ஆகாயத் தொடர்பு முற்றாக அறுந்தது.

கொக்கலயின் இரட்டைச் சூரியோதயம்

அறுந்த மாலையை எங்கே முடிச்சிடுவது? யப்பானியர் வசமிருந்த தேசங்களை விலக்கிப் பார்த்தால், அவுஸ்திரேலியாவின் மேற்குக்கரையிலுள்ள பேர்த் நகருக்கும் இலங்கைக்கும் இடையே வெறுங் கடலே கிடந்தது. தூரம் 3,500 மைலுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்க ஓரிடமும் இல்லை.

காலியையடுத்த கொக்கல வாவியில் பிரித்தானிய விமானப்படையின் கடல் விமானத் தளம் ஒன்று யுத்த காலத்தில் இயங்கியது. 1942 ஏப்ரிலில் யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு அறிவித்த கனேடிய விமானியும் இந்தத் தளத்திலிருந்து எழுந்து சென்றவரே. அங்கிருந்துதான் 1943 யூன் மாதந் தொடக்கம் 1945 யூலைவரை, குவாண்டாஸ் நிறுவனத்தாரின் கத்தலீனா கடல் விமானங்கள் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல வாவிக்குமிடையே பறந்தன. மொத்தம் 271 தடவைகள் இந்து சமுத்திரத்தைக் கடந்தன.

கத்தலீனா மந்தகதியுடையது. மணித்தியாலத்துக்கு 200 கிலோமீற்றர் அளவே செல்லும். ஆகவே ஒரு பிரயாணத்துக்கு 27 முதல் 33 மணித்தியாலங்கள் சென்றன. அவ்வளவு நேரத்துக்கும் வேண்டிய எண்ணெயைச் சுமப்பதற்காக, அவசியமற்றவை என்று கருதப்பட்ட உபகரணங்கள் யாவும் கழற்றப்பட்டன. குளிரைத் தடுக்கும் உட்சுவர்கூட நீக்கப்பட்டது. பிரயாணிகள் மூவருக்கே இடம். முக்கியமான கடிதங்களும், அரசாங்க, இராணுவ அலுவல்மீது செல்வோரும் மாத்திரமே ஏற்றப்பட்டனர். புறப்பட்ட முதற் சில மணித்தியாலங்களில் இரண்டு இயந்திரங்களுள் ஒன்று பழுதுபட்டால், அந்தப் பாரத்தை மற்றொன்று தாங்காது.

யப்பானிய விமானங்கள் ரோந்து செல்லும் பகுதியை இருளிலே கடக்கும்படி நேரம் கணித்துப் புறப்பட்டார்கள். வானொலியைத் திறந்தால் எதிரி அறிந்துவிடுவான். ஆதலால் விமானிகள் வாய்மூடி மௌனமாகவே பறந்தனர். வழிகாட்டியவை நட்சத்திரங்களே. விமானங்களுக்கு இடப்பட்ட பெயர்களும் நட்சத்திரங்களின் பெயர்களே: அல்தேர், வேகா, ரீஜல், அந்தாரிஸ், ஸ்பைக்கா. இவற்றுள் ஸ்பைக்கா நம்மவர் சித்திரை என்று வழங்கும் நட்சத்திரம், அந்தாரிஸ் கேட்டை.

ஒரு நாளுக்கு மேலாக ஆகாயத்திலேயே இருந்தமையால், ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைப் பிரயாணிகள் கண்டனர். கரை சேர்ந்தபின் ஒவ்வொருவருக்கும் ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சபை’யின் அங்கத்தவர் என்று குறித்த பத்திரம் ஒன்று வழங்கப்பட்டது. அந்தப் பெயராலேயே அப்பிரயாணங்கள் இன்றும் அறியப்படுகின்றன. 1944 இல் வேகமும் வலுவும் மிக்க லிபறேற்றர் விமானங்கள் இலங்கைக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குமிடையே பறக்கத் தொடங்கின. யுத்தம் முடிந்ததும் கத்தலீனாக்கள், அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, கடலில் மூழ்கடிக்கப்பட்டன. கடலைக் கடந்தவற்றுக்குக் கடலே சமாதியாயிற்று.

மிக மெதுவாகச் சென்ற விமானம், அக்காலத்து விரைவான விமானங்கள் எண்ணிப் பார்க்காத தூரத்தை ஒரே மூச்சிற் கடந்தது. இடைத்தரிப்பின்றிப் பறக்க முடியுமா என்பதே நெடுந்தூரப் பிரயாணத்தின் உயிர்நிலை என்பதைக் கொக்கல மெய்ப்பித்தது.

வேகம் நின்றது; தரிப்பு குறைந்தது

1947 டிசெம்பர் முதலாந் திகதி, லொக்ஹீட் கொன்ஸ்ரலேசன் என்னும் நான்கு இயந்திர விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் தரித்தது. மொத்தப் பிரயாணம் நான்கு நாட்கள். பறந்த நேரம் 55 மணித்தியாலம். இங்கும் ஏறத்தாழப் பாதி நேரம் நிலத்திலேயே கழிந்தது.

1959 இல் ஜெட் விமானமாகிய போயிங் 707 இந்த மார்க்கத்தில் வந்தது. அதன் வேகம் மணித்தியாலத்துக்குச் சுமார் 900 கிலோமீற்றர். இங்கேதான் சிந்திக்கவேண்டிய செய்தி உள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், நெடுந்தூரப் பிரயாணிகள் விமானங்கள் அதே வேகத்திலேயே பறக்கின்றன. ஒலியின் வேகத்தை அணுகும்போது காற்றின் எதிர்ப்பு திடீரெனப் பெருகுகின்றது. எண்ணெய்ச் செலவும் அவ்வாறே. ஒலியினும் விரைந்த கொன்கோர்ட் விமானம் 2003 இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கும் லண்டனிலிருந்து சிட்னிவரை ஒரே பாய்ச்சலிற் செல்லும் எண்ணெய்க் கொள்ளளவு இருந்ததில்லை.

ஆகவே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17,000 கிலோமீற்றரை 900 ஆல் வகுத்தால் 19 மணித்தியாலம் அளவு வரும். அதற்குக் கீழே இன்றைய விமானத்தாற் செல்ல இயலாது. இப்பொழுது வழியில் ஒரிடத்தில் இறங்கிச் செல்வோருக்கு 22 முதல் 24 மணித்தியாலங்கள் செல்கின்றன. எனவே 1959 இன் பின்னர் சேமித்த ஒவ்வொரு மணித்தியாலமும் பெரும்பாலும் தரிப்பிடங்களைக் குறைத்ததனாற் சேமித்ததே.

எண்ணெயைச் சுமக்கும் எண்ணெய்

தரிப்பின்றிப் பறத்தல் ஏன் கடினம்? கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகனை நினைத்துக்கொள்ளுங்கள். வழியிலே மடங்கள் இருந்தால் ஒரு வேளைக்குரிய அரிசி போதும். மடமே இல்லையென்றால், எல்லா நாட்களுக்கும் வேண்டிய அரிசியை அவனே சுமக்கவேண்டும். சுமை கூடினால் களைப்பும் பசியும் கூடும். பசி கூடினால் இன்னும் அரிசி வேண்டும். விமானத்தின் நிலையும் அதுவே. நெடும் பிரயாணத்தின் தொடக்கத்தில் எரியும் எண்ணெயிற் கணிசமான பகுதி, பிற்பகுதிக்கு வேண்டிய எண்ணெயைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகின்றது.

1989 ஓகஸ்ட் மாதத்தில், புதிய போயிங் 747-400 விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு இடைத்தரிப்பின்றிப் பறந்து, 20 மணித்தியாலம் 9 நிமிடத்திற் சேர்ந்தது. அதற்கென அடர்த்தி மிக்க விசேட எண்ணெய் தயாரிக்கப்பட்டது. ஓடுபாதைவரை விமானத்தை இழுவை இயந்திரத்தால் இழுத்துச் சென்றனர். அந்தச் சிறு தூரத்தில் எரியும் எண்ணெயையும் மிச்சம் பிடிக்கவே அவ்வாறு செய்தனர். வழக்கமான பிரயாணிகள் கூட்டம் அதில் ஏற்றப்படவில்லை. செய்துகாட்ட முடியும்; ஆயின் வியாபாரமாகச் செய்ய முடியாது என்பதே அதிலிருந்து தெளிந்த முடிவு.

2018 மார்ச் மாதத்தில், எண்ணெய்ச் சிக்கனம் மிக்க போயிங் 787 விமானம் பேர்த் நகரிலிருந்து லண்டனுக்குத் தரிப்பின்றிப் பிரயாணிகளைக் கொண்டு செல்லத் தொடங்கியது. தூரம் 14,498 கிலோமீற்றர். காலம் ஏறத்தாழ 17 மணித்தியாலம். யுத்த காலத்தில் கொக்கலவரை செல்வதற்கே 30 மணித்தியாலம் எடுத்த அதே பேர்த் நகரிலிருந்து, அதிலும் குறைந்த நேரத்தில் லண்டனையே அடையலாமாயிற்று.

இந்த மார்க்கத்திலே போக்கும் வரவும் ஒரே நேரம் எடுப்பதில்லை. லண்டனிலிருந்து கிழக்கே வருவது சற்று விரைவு. மேற்கே செல்வது சற்றுத் தாமதம். பூமி கிழக்குநோக்கிச் சுழல்வதனால், மேற்கே பறக்கும் விமானத்துக்கு ஊர் எதிர்கொண்டு வராதா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. பூமியோடு காற்று மண்டலமும் கூடவே சுழல்கின்றது. அதனுள்ளேயே விமானம் பறக்கின்றது. ஆகவே அந்தச் சுழற்சியால் நேரடி இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் பலத்த காற்றோட்டம் உண்டு. கிழக்கே செல்லும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே செல்வதைத் தடுத்து நிற்கும்.

2024 ஏப்ரிலில் இது நன்கு விளங்கியது. மத்திய கிழக்கில் மூண்ட பதற்றங் காரணமாக விமானங்கள் ஈரானின் வான்வெளியை விலக்கி வளைந்து செல்லவேண்டி வந்தது. அப்போது பேர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானம், எண்ணெய் போதாமையால், சிங்கப்பூரில் இறங்கிச் செல்லலாயிற்று. லண்டனிலிருந்து திரும்பும் விமானமோ, காற்றின் துணைகொண்டு, வழக்கம்போலத் தரிப்பின்றியே வந்தது. தூரமும் எண்ணெயும் ஒன்றே. காற்றின் திசை ஒன்றே வேறுபாடு.

இனி மனிதனே எல்லை

2019 நவம்பர் 14 ஆம் திகதி வியாழக்கிழமை காலை 6 மணி 9 நிமிடத்துக்கு லண்டனிலிருந்து புறப்பட்ட போயிங் 787 ஒன்று 19 மணித்தியாலம் 19 நிமிடம் பறந்து சிட்னியை அடைந்தது. அப்போது சிட்னியின் கடிகாரம் என்ன நேரம் காட்டியிருக்கும்? அந்த மாதத்தில் சிட்னியின் நேரம் லண்டனுக்கு 11 மணித்தியாலம் முந்தியது. பறந்த நேரத்தைக் கூட்டினால் லண்டன் நேரப்படி வெள்ளி அதிகாலை 1 மணி 28 நிமிடம். அதனோடு 11 ஐக் கூட்டினால் வெள்ளிக்கிழமை பகல் 12 மணி 28 நிமிடம். (இந்த வித்தியாசமும் நிலையானதன்று. இரு நாடுகளும் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால், அது ஆண்டுக்குள் 9, 10, 11 மணித்தியாலமாக மாறும்.)

அந்த விமானத்திற் சென்றோரும் இருமுறை சூரியோதயம் கண்டனர். கொக்கலப் பிரயாணிகள் அதனைக் கண்டது, ஒரு நாளுக்கு மேலாகப் பறந்ததனால். இவர்கள் கண்டது, கிழக்குநோக்கி விரைந்து மறுநாட் சூரியனை எதிர்கொண்டதனால்.

அந்தப் பிரயாணத்தின் நோக்கம் மனிதனைப் பரீட்சிப்பதே. ஐம்பது பேரளவினரே அதில் ஏறியிருந்தனர். விமானிகளின் தலையிலே மூளையின் விழிப்பை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. பிரயாணிகளின் உறக்கம், உணவு, நடமாட்டம் ஆகியன குறித்துக்கொள்ளப்பட்டன. பத்தொன்பது மணித்தியாலம் ஓர் ஆசனத்தில் இருக்கும் மனிதனின் உடல் என்ன பாடுபடும், இரவு பகலறியாது மயங்கும் உறக்கத்தை எவ்வாறு சீர்செய்யலாம் என்பவற்றை அறிவதே விஞ்ஞானிகளின் எண்ணம்.

2022 மே மாதத்தில் குவாண்டாஸ் நிறுவனத்தார் லண்டன் – சிட்னி, நியூயோர்க் – சிட்னி நேர்ப் பிரயாணங்களுக்கென எயர்பஸ் ஏ350-1000 விமானங்கள் பன்னிரண்டை வாங்குவதாக அறிவித்தனர். 20,000 லீற்றர் கொள்ளும் மேலதிக எண்ணெய்த் தொட்டி அவற்றுக்கென வகுக்கப்பட்டது. முந்நூறு பேருக்கு மேல் ஏறக்கூடிய விமானத்தில் 238 ஆசனங்களே எனத் தீர்மானிக்கப்பட்டது. பிரயாணிகள் எழுந்து நின்று கைகால்களை நீட்டி மடக்க ஓரிடமும் ஒதுக்கப்பட்டது. இம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சூரியோதயத் திட்டம்’. கொக்கல வாவியில் இறங்கிய அந்தப் பழைய கத்தலீனாக்களை நினைவுகூர்ந்தே அப்பெயர் சூட்டப்பட்டது.

குடும்பத்தின் அளவுகோல்

பூமிசாஸ்திரப் புத்தகத்தில் தூரத்தை மைலால் அளக்கிறோம். குடும்பங்கள் அதனை வேறோர் அளவுகோலால் அளக்கின்றன. 1983 இன் பின்னர் உலகெங்கும் சிதறிய நம்மவருள், தமையன் லண்டனிலும் தங்கை சிட்னியிலுமாக வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு 17,000 கிலோமீற்றர் என்பது ஓர் எண்ணிக்கையன்று. நல்லது கெட்டதற்குப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வியே அது.

நமது வழக்கப்படியே எண்ணிப் பாருங்கள். சிட்னியில் ஒரு தாய் காலமானால், லண்டனிலிருக்கும் மகன் எப்பொழுது வந்து சேர்வான்? நீராவிக் கப்பற் காலமாயின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கழிந்த பின்னரே வருவான். 1938 இன் கடல் விமானமாயின், அந்தியேட்டிக்கு வந்துவிடுவான். ஆனால் எட்டுச் செலவு முடிந்திருக்கும். 1947 இன் விமானமாயின், எட்டுக்கு நிற்பான். ஆனால் முகம் பார்க்கக் கிடையாது. இன்று, செய்தி கேட்ட இரவே புறப்பட்டால், மறுநாளுக்கு மறுநாள் தாயின் தலைமாட்டிலே நிற்கலாம். கொள்ளி வைக்கும் கடமையை ஆற்றலாம். தரிப்பிடம் இன்னும் ஒன்று குறைந்து சேமிக்கும் மூன்று நான்கு மணித்தியாலங்கள், நோயாளியின் படுக்கையருகே விரைபவனுக்கு அற்பமானவையல்ல.

ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த மணித்தியாலங்களை ஒன்றொன்றாகக் குறைத்தவர்களுள் கோர்புக் கடலில் மாண்டோரும் உளர்; சுரபாயாவிற் பாய் விரித்த பெயர் தெரியாத ஊராரும் உளர்; வானொலியை மூடி, சித்திரையையும் கேட்டையையும் பார்த்து இந்து சமுத்திரத்தை இருளிற் கடந்தோரும் உளர். அடுத்த முறை காலி வீதியாற் செல்லும் மாணவர்கள், கொக்கல வாவியருகே சற்று நின்று அந்த நீர்ப்பரப்பைப் பார்த்துச் செல்வார்களாக. லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே அறுந்த தொடர்பு ஒரு காலத்தில் அந்த வாவியின் வழியே மீண்டும் முடிச்சிடப்பட்டது.